அடங்கிய முப்பதும் திரிந்த ஒன்றும்

"நான் கை தட்டலீங்க. கொசு அடிச்சேன்."

இதைச் சொன்னவர் மளிகைக் கடை ராமையா. சொன்ன இடம் கருவங்குடிப் பஞ்சாயத்துக் கட்டிடம். புதுக் கட்டிடம், சுண்ணாம்பு சரியாகக் காயவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பதினொரு பேரின் முதுகும் வெள்ளையாக இருந்தது.

"எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டார் அம்பலம். ஊருக்குத் தலைவர் என்பதால் அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஏழு வருசத்துக்கு முந்தி."

"ஒரு கொசுவா?"

"ஒண்ணுதாங்க. பெரிய கொசு."

யாரும் சிரிக்கவில்லை. அம்பலம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

போன வார இதழில், நான் கருவங்குடிப் பள்ளிக்கு வாத்தியாராக மாற்றலாகிப் போன கதையை எழுதியிருந்தேன். ஏழு கடிதங்கள் வந்தன. ஐந்து பேர் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அரிமளத்திலிருந்து நாலரை மைல். ஆறாவது வாசகர் உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறார். ஏழாவது வாசகர் என் எழுத்தில் எண்ணிக்கை மிகுதி என்று குறைப்பட்டிருக்கிறார். அவருக்குச் சொல்கிறேன்: இந்த வாரக் கதையே எண்ணிக்கையால் வந்ததுதான். வேறு வழியில்லை.

துண்டு வீசும் நாள்

அந்தப் பக்கத்துக் கண்மாய்களில் சித்திரை வாக்கில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றிவிடும். அப்போது ஒரு நாள் குறித்து, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். விடியும்போதே சனம் கரையைச் சுற்றி நின்றுவிடும். கையில் வலை, பழைய சேலை, ஊத்தா. ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. கலங்கிய தண்ணீரில் அதைக் குத்தி அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுக்க வேண்டும்.

அம்பலம் கரையேறி, ஐயனாரைக் கும்பிட்டு, வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றுவார். அதுவரை ஒரு கால் தண்ணீரில் படக் கூடாது. சுற்றிவிட்டால் அப்புறம் பெரியவர் சின்னவர் கிடையாது. பிடித்த மீனை விற்கக் கூடாது. அவரவர் வீட்டுக் குழம்புக்குத்தான் போக வேண்டும்.

இதெல்லாம் மற்ற ஊர்களிலும் உண்டு. கருவங்குடியில் மட்டும் சாயங்காலம் இன்னொன்று உண்டு. அதுதான் வீரமுத்தண்ணனின் பாட்டு.

அன்று மீன் பிடிக்கும்போது யார் அதிகமாகச் சிரிப்புக்கு ஆளானாரோ, அவரைப் பற்றிப் பொழுது சாய்வதற்குள் வீரமுத்து ஒரு சிந்து கட்டிவிடுவார். மடையடியில் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். பாட்டுக்கு உரியவர் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் அவரும் கை தட்ட வேண்டும். கடைசி அடிவரை தட்டிவிட்டால் அந்தப் பாட்டு "அடங்கிவிட்டது" என்று அர்த்தம். அப்புறம் அதை யாரும், வீரமுத்து உட்பட, ஒருபோதும் பாடக் கூடாது. முணுமுணுக்கக் கூடக் கூடாது.

தட்ட முடியாமல் நடுவில் வெளியேறினால் பாட்டு "திரியும்". நாற்று நடும் இடத்தில், பஸ்ஸில், சந்தையில், யார் வேண்டுமானாலும் பாடிக்கொள்ளலாம். சம்பந்தி வீட்டு வாசல்வரைக்கும் போகும். என்றைக்காவது அவரே வந்து, பாடச் சொல்லி, முழுதும் கை தட்டினால்தான் அடங்கும்.

ஆகவே எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டிவிடுவார்கள்.

இரண்டு பல்

வீரமுத்துவுக்குக் கைநாட்டுத்தான். மடைக்குக் கீழே அரை ஏக்கர் நிலம், ஒரு ஜோடி மாடு, பொன்னாத்தா என்று ஒரு மனைவி. பதினெட்டு வயதில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனார். அங்கே தோட்டத்துக் கங்காணியின் மீசையைப் பற்றிப் பாட்டுக் கட்டி, நாலே மாதத்தில் திருப்பி அனுப்பப்பட்டார். பினாங்கிலிருந்து அவ்வளவு சீக்கிரம் திரும்பியவர் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

வந்த வருஷமே, அப்போதைய அம்பலம், அதாவது நான் சொல்லும் அம்பலத்தின் தகப்பனார், கண்மாயில் வேட்டியை விட்டுவிட்டு மீனோடு கரையேறியதை வீரமுத்து பாடினார். அடுத்த நாள் வீரமுத்துவின் முன்பல் இரண்டு இல்லை.

அதற்குப் பிறகு பெரியவர்கள் கூடிப் பேசித்தான் இந்தக் கை தட்டும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பாடுகிறவன் யாரையும் பாடலாம், ஆனால் ஒரே முறை. பாடப்பட்டவன் தட்டிவிட்டால் தீர்ந்தது. முதலில் தட்டி அடக்கியவர் அந்தப் பெரிய அம்பலம்தான். அதன் பிறகு வீரமுத்துவின் மேல் ஒரு விரல் பட்டதில்லை.

பாட்டுக் கட்டுவதற்கு அவருக்குத் தாளோ ஆளோ வேண்டாம். மத்தியானத்திலிருந்து கண்மாய்க் கரையில் மேலும் கீழுமாக நடப்பார். யாரும் கூப்பிடக் கூடாது. பொன்னாத்தா கரையின் இந்தக் கோடியில் சட்டியோடு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு நடை முடிவிலும் ஒரு மீன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு திரும்புவார். நான் பார்த்ததில் குறைந்தது பதினெட்டு நடை, அதிகம் இருபத்தாறு.

ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்த புலவர் ஒருவர், இதெல்லாம் தமிழில் சேராது, பேச்சு மொழியில் கவிதை கிடையாது என்றார்.

"ஐயா வீட்டுல எந்த மொழியில திட்டுவாக?" என்று கேட்டார் வீரமுத்து.

புலவர் கூட வந்திருந்த அவருடைய மனைவி சிரித்துவிட்டார்.

இப்படி முப்பத்தாறு வருஷம். மழை பொய்த்த ஐந்து வருஷங்களைத் தள்ளினால் முப்பத்தொரு பாட்டு. அதில் முப்பது அடங்கிவிட்டன. திரிந்தது ஒன்றே ஒன்று.

அது என்னுடையது.

குளவி

கருவங்குடிக்குப் போன ஆறாவது வருஷம் என்று நினைக்கிறேன். நான் மீன் பிடிப்பதில்லை. கரையில் நின்று, வந்திருக்கும் தலைகளை எண்ணுவேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை. எண்ணாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அறுநூற்று நாற்பத்திரண்டு தலை எண்ணி முடித்திருந்தேன். அம்பலம் இன்னும் வரவில்லை. மூன்று ஊர்க்காரர்கள் அப்போதுதான் தூரத்தில் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு குளவி என் வலது காதில் நுழையப் பார்த்தது.

தோளில் கிடந்த துண்டை எடுத்து விரட்டினேன். வெள்ளைத் துண்டு. தலைக்கு மேல் ஒரு சுற்று.

அவ்வளவுதான்.

நிலம் அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். அறுநூற்று நாற்பத்திரண்டு பேரும் தண்ணீரில் இருந்தார்கள். "இல்லை, இல்லை" என்று கத்தினேன். அவசரத்தில் துண்டையும் சேர்த்து ஆட்டினேன். அது அவர்களை இன்னும் உற்சாகப்படுத்தியது.

அம்பலம் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கண்மாயில் சேறு மட்டும் இருந்தது. ஐயனாருக்கு வைக்க ஒரு கெண்டை கூட இல்லை. அந்த மூன்று ஊர்க்காரர்களும் காலி ஊத்தாவோடு கரையில் நின்று, துண்டு சுற்றியவன் யார் என்று விசாரித்தார்கள். நான் அங்கே இல்லை. எங்கே போனேன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

சாயங்காலம் வந்து நடுவில் நின்றேன். நிற்காமல் என்ன செய்வது? வீரமுத்து தொடங்கினார்.

*கண்மாக் கரைமேல வாத்தியாரு – கையில
கணக்கு நோட்டோட நின்னாரு
ஒண்ணு ரெண்டுன்னு தலையெண்ணி – வந்த
ஊரையே நோட்டுல அடைச்சாரு*

தட்டினேன். சரியான விவரம்தான்.

*கொளவி ஒண்ணுவந்து காதோரம் – என்ன
கொசலம் விசாரிச்சுப் போனதுவோ
தலைக்குமேல் துண்டைச் சொழட்டினாரு – அங்க
தண்ணியும் சேறாப் போனதுவே*

அதற்கும் தட்டினேன். எட்டு அடிக்கு எட்டுத் தட்டு. ஒன்பதாவது அடி "ஆயிரம் பேரு குதிச்சாக" என்று வந்தது.

"ஆயிரம் இல்லை" என்றேன்.

பாட்டு நின்றது. "என்னங்க?" என்றார் வீரமுத்து.

"அறுநூத்தி நாப்பத்திரண்டு."

"அது பாட்டுல நிக்காதுங்க, வாத்தியாரே."

"நடந்தது அதுதானே."

"நடந்ததுக்கு நோட்டு இருக்கே. இது பாட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மடையில் தூங்கிய கொக்கு எழுந்து பறந்தது. நான் வட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு பனை மறைவில் நின்று மீதியையும் கேட்டேன். மொத்தம் எண்பத்தெட்டு அடி.

அன்றிலிருந்து அது திரிந்தது. நாலு வருஷம். அரிமளம் பஸ் கண்டக்டர் அதை முணுமுணுத்துக்கொண்டே எனக்கு டிக்கெட் கிழிப்பார். அறந்தாங்கியில் என் மாமனாருக்கு முதல் இருபது அடி மனப்பாடம். "பாட்டு நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்று என்னிடமே சொன்னார். தட்டி அடக்கிவிடலாம் என்று ஒவ்வொரு சித்திரையிலும் நினைப்பேன். அந்த ஒன்பதாவது அடி வரும், அதற்குக் கை தட்ட வேண்டும் என்று நினைத்ததும் கை மரத்துப்போகும்.

தபால் அட்டை

அந்தப் பஸ்ஸில்தான் வானொலி நிலையத்து அதிகாரி ஒருவர் எங்கள் பக்கம் வந்திருக்கிறார். கண்டக்டர் பாடியதைக் கேட்டு, கட்டியவர் யார் என்று விசாரித்திருக்கிறார். ஊருக்கு ஒரு தபால் அட்டை வந்தது. வரும் வியாழக்கிழமை வண்டியோடு வருகிறோம், திரு. வீரமுத்து அவர்களின் பாடல் ஒன்றைப் பதிவு செய்து ஒலிபரப்ப விரும்புகிறோம், ஒரு பாடலுக்குத்தான் நேரம் இருக்கும்.

பள்ளிக்கூடத்து வாசலில் வைத்து வீரமுத்துவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவர் மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு அட்டையை வாங்கி, எழுத்து இருக்கும் பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார்.

"எந்தப் பாட்டுன்னு போட்டிருக்கா?"

"போடவில்லை."

"போட வேண்டியதில்ல. ஒண்ணுதானே இருக்கு" என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

அன்றைக்கே ஊர் முழுதும் தெரிந்துவிட்டது. அதுவரை பாட்டில் வருவதை அவமானமென்று நினைத்த ஊர், அதே பாட்டு ரேடியோவில் வரும் என்றதும் மாறிப்போயிற்று. வெளியூர் வாத்தியார் ஒருவருக்கு மட்டும் அந்தப் பேறு போவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. என் காலத்தில் அடங்கிய பாட்டுகள் எட்டு. அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர், தாங்கள் சரியாகக் கை தட்டவில்லை, ஆகவே தங்கள் பாட்டு அடங்கவில்லை, உயிரோடுதான் இருக்கிறது என்று பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார்கள்.

சாட்சி

இப்போது பஞ்சாயத்துக்கே வருகிறேன்.

ராமையாவின் பாட்டு, அவர் தன் காலையே மீன் என்று நினைத்து ஊத்தாவில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "மாட்டிக்கிச்சு, ஓடியாங்க" என்று கத்தியதைப் பற்றியது. இதை நாடு முழுதும் கேட்க வேண்டும் என்றுதான் அவர் கொசுவைக் கொண்டுவந்தார்.

அவருக்கு அடுத்தவர் அழகம்மை. ஒரு விரால் மீன் யாருடையது என்று இவளும் இன்னொருத்தியும் முடியைப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த விரால் நிதானமாக நகர்ந்து தண்ணீருக்குத் திரும்பிப் போய்விட்டது. அவள் பாட்டு அது.

"நான் தட்டுனது என் பேத்தி முதுகுலங்க" என்றாள் அழகம்மை. "பால் குடிச்ச பிள்ளைக்கு ஏப்பம் வரணும்ல."

"அறுபது அடிக்குமா ஏப்பம் வரல?" என்றார் அம்பலம்.

"வாயுப் பிள்ளைங்க."

அம்பலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இங்கிட்டு ஒரு பேச்சு, அங்கிட்டு ஒரு பேச்சுன்னு போனா விடிஞ்சிரும். வாத்தியாரே, நீங்க எண்ணியிருப்பீங்களே."

எண்ணியிருந்தேன். அந்த நோட்டு என் மடியில்தான் இருந்தது. எட்டுப் பாட்டுக்கும் அடி இத்தனை, தட்டு இத்தனை என்று எழுதி வைத்திருந்தேன். ராமையா: அடி அறுபத்து நாலு, தட்டு அறுபத்து நாலு.

ஊரே என்னைப் பார்த்தது. ராமையா கும்பிடுகிற மாதிரி பார்த்தார். ஒரே ஓர் எண்ணைக் குறைத்துச் சொன்னால் போதும். அவர் பாட்டுக்கு உயிர் வந்துவிடும். வானொலிக்காரர்கள் அந்தக் காலைப் பதிவு செய்துகொண்டு போவார்கள். என் குளவி அறந்தாங்கியோடு நின்றுவிடும்.

"அறுபத்து மூணு" என்றேன்.

இதுவரை என் வாழ்க்கையில் நான் தெரிந்து சொன்ன ஒரே தப்புக் கணக்கு அது.

ராமையா எழுந்து தன் வேட்டியைச் சரிசெய்தார், அப்போதே வானொலி நிலையத்துக்குக் கிளம்புகிறவர் போல.

மூலையில் உட்கார்ந்திருந்த வீரமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தார். "அறுபத்து நாலும் தட்டினாரு. நான் எதுக்கத்தானே நின்னேன்."

"நோட்டுல அறுபத்து மூணுன்னு இருக்குங்கறாரே" என்றார் அம்பலம்.

"வாத்தியாருக்கு இன்னைக்குக் கண்ணு சரியில்ல. அது அடங்கின பாட்டுங்க. நான் பாடமாட்டேன்."

"ஏப்பா, ஒனக்குத்தானே நல்லது. ஒரு பாட்டுக்கு ரெண்டு பாட்டா இருக்குமே."

"ஒரு பாட்டைத் தோண்டியெடுத்தா முப்பதும் எந்திரிச்சு வரும். ஒங்க அப்பாரு பாட்டும் வரும்" என்றார் வீரமுத்து. முன்பல் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு, "எனக்கு மிச்சப் பல்லும் வேணுங்க" என்றார்.

தகப்பனாரின் வேட்டி அம்பலத்துக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எல்லாப் பாட்டும் அடங்கியவையே, கொசுவும் ஏப்பமும் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அவர் முதுகும் வெள்ளையாகத்தான் இருந்தது.

மத்தியான இடைவேளை

மறுநாள் மத்தியானம் வீரமுத்து பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் மேஜையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்திருந்தேன். உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தார்.

"நேத்து நான் சொன்னது தப்புக் கணக்கு, அண்ணே" என்றேன்.

"தெரியும். கணக்குல நீங்க தப்பினதே இல்ல. அதனாலதான் ஒடனே தெரிஞ்சுது."

கையில் எடுத்த சோற்றைத் தூக்கிலேயே திரும்ப வைத்தேன்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றார். "ஒங்க பாட்டை அடக்கணும்னா அது ஒங்க பாத்தியதை. வியாழக்கிழமைக்கு முன்ன எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, வாரேன். பாடுறேன். தட்டி முடிச்சிருங்க."

"அப்புறம் ரேடியோக்காரர்களுக்கு?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்லிருவோம். வந்த வண்டி திரும்பிப் போகத் தெரியாதா?"

அவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வண்டிக்காரருக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னார். நான் தூக்கை மூடினேன். ரேடியோவில் வர அவ்வளவு ஆசையா என்று கேட்டேன்.



"என் பாட்டை நான் கேட்டதே இல்லீங்க. பாடும்போது காதுக்குள்ள இரைச்சல்தான் இருக்கும், ஒண்ணும் கேக்காது. முப்பது அடங்கிப்போச்சு, அதை வேற யாரும் பாட முடியாது. ஒங்க பாட்டை ஊரெல்லாம் பாடுதுங்கறாக. என்னையக் கண்டா நிறுத்திர்றாக, பாட்டுக்காரன் முன்னால பாடக் கூச்சமாம். நானும் ஒங்க முகத்துக்காக நாலு வருசமாப் பாடல. ஒரு தடவை வெளியில நின்னு கேக்கணும். எப்படித்தான் இருக்குன்னு."

போய்விட்டார். எனக்கு அன்று மத்தியானம் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன்.

"அதான் எங்க அப்பா வரைக்கும் வந்தாச்சே. இனிமே யாருக்குத் தெரியாமப் போகணும்?" என்றாள். "கவர்மெண்டுல இருந்து யாராவது எண்ணிக்கை தப்புன்னு கேஸ் போடுவாகளா?"

அப்படி நடக்க வாய்ப்பிருக்கிறதா என்று நான் உண்மையாகவே யோசித்தேன்.

புதன்கிழமை முழுதும் என் உள்ளங்கைகள் அரித்தன. ஐந்து முறை அவர் வீட்டுத் தெரு முனை வரை போய் ஐந்து முறையும் திரும்பினேன். சொல்லி அனுப்பவில்லை.

நாடா ஓடியது

வியாழக்கிழமை வண்டி வந்தது. பதிவுக்குச் சத்தமில்லாத இடம் வேண்டும் என்றார்கள். என் பள்ளிக்கூடத்தைத்தான் காட்டினார்கள். அன்று லீவு விட்டேன். ஆடுகளின் கழுத்து மணியைக் கழற்றச் சொல்லி அம்பலம் ஆள் அனுப்பினார். இருமல் உள்ளவர்கள் கண்மாய்க்கு அந்தப்புறம் போக வேண்டும் என்று தண்டோராப் போட்டார்கள். பத்தொன்பது பேர் போனார்கள்.

உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். காதில் மூடியை மாட்டிக்கொண்டு டேப் ரிக்கார்டர் முன்னால் அந்த அதிகாரி, மைக்குக்கு முன்னால் வீரமுத்து, அவருக்கு எதிரே நான். பாட்டுக்கு உரியவர் எதிரே இருக்காவிட்டால் தனக்குப் பாட்டு வராது என்று அவர் சொல்லிவிட்டார்.

நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பழக்கத்தில் தட்டிவிடக் கூடாதே.

பாடினார். அந்த வயதிலும் என்ன குரல். ஆயிரம் பேர் வந்தார்கள், போனார்கள். என் காது சுட்டது, கை அசையவில்லை. அம்பலம் வரும் இடமும் வந்தது.

*அம்பலம் கரைக்கு வந்துநிக்க – அங்க
அயிரைக் குஞ்சும் மிச்சமில்ல
வம்பு வரும்முன்னே வாத்தியாரு – வந்த
வழியில தூசியும் நிக்கவில்ல*

*பள்ளிக் கூடத்துக் கதவடைச்சு – அங்க
பாடம் நடந்தது யாருக்கு*

நின்றுவிட்டார்.

மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். இல்லை. உதடு அசைந்தது, சொல் வரவில்லை. நாலு வருஷம் வாய்க்கு வராத பாட்டு. கண்கள் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தன, கூரையைப் பார்த்தன. நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. அதிகாரி கையை உயர்த்தினார், நிறுத்துவதற்கு. இன்னொரு நாடா கிடையாது என்று அவர் வந்தவுடனேயே சொல்லியிருந்தார்.

அடுத்த அடி எனக்குத் தெரியும். என்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்காது.

அன்று குளவி பறந்த பிறகு நான் எங்கே போனேன் என்பதை யாரும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடி, கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு, ஜன்னலைச் சாத்தி, மேஜைக்கு அடியில் போய் முழங்காலில் உட்கார்ந்திருந்தேன். பயம் போவதற்காகக் கூட்டல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவியிடம் கூட இதைச் சொன்னதில்லை. வீரமுத்து கரையில் நடந்தபடி மீன் தின்றுகொண்டே தானாகக் கட்டிய அடி அது. பனை மறைவில் நின்று அதைக் கேட்டபோது, ஊரில் எல்லாரும் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அதை இப்போது நானே என் வாயால் சொன்னேன். சொல்லக்கூட இல்லை. பாட்டாகத்தான் வந்தது.

*மேசைக் கடியில முழங்காலில் – ரெண்டும்
மூணும் கூட்டுனார் சுவத்துக்கு*

வீரமுத்து என்னை ஒரு கணம் பார்த்தார். பாடினவர் முகம் இல்லை அது. கட்டிய பொய் மெய்யாக இருந்துவிட்டதைக் கண்ட முகம். பிறகு தலையை ஆட்டிவிட்டு, அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டு, எண்பத்தெட்டு வரை ஓர் இடத்திலும் தடுமாறாமல் போய்ச் சேர்ந்தார்.

அந்த இடத்தை வெட்டிவிடுவீர்களா என்று அதிகாரியைக் கேட்டேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் வெட்டுவார் என்று ஒரு நாளும், வெட்டமாட்டார் என்று மறுநாளுமாகப் பதினேழு நாள் போயிற்று.

ஆறரை மணி

பஞ்சாயத்து ரேடியோவை வெளியே மேஜை போட்டு வைத்திருந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. ராமையா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அழகம்மை பேத்தியோடு வந்திருந்தாள். இருமல்காரர்கள் அன்றைக்கும் பழக்கத்தில் தள்ளியே உட்கார்ந்தார்கள். முந்நூற்றுப் பதினாறு பேர்.

முதலில் உரம் போடுவது பற்றி ஒருவர் பேசினார். பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். கருவங்குடி என்ற சொல் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததும் அம்பலம் எழுந்து நின்றுவிட்டார். பார்த்துவிட்டு எல்லாரும் எழுந்து நின்றோம்.

பாட்டு வந்தது.

வீரமுத்து ரேடியோவுக்கு அருகில் போகவில்லை. கூட்டத்துக்கு வெளியே, என் பக்கத்தில் வந்து நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். குளவி வந்தபோது லேசாகச் சிரித்தார். முதல் தடவையாகக் கேட்கிறவர் சிரிக்கிற சிரிப்பு. வம்பு, தூசி, பள்ளிக்கூடத்துக் கதவு.

பிறகு அந்த நிசப்தம். வெட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. அந்த ஒன்றை மட்டும் எண்ணத் தோன்றவில்லை.

பெட்டியிலிருந்து என் குரல் வந்தது.

முந்நூற்றுப் பதினைந்து தலைகளும் திரும்பின. சிரிப்பு வரும் என்று நான் காத்திருந்தேன், வரவில்லை. ராமையா வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு முடியும்வரை யாரும் அசையவில்லை. முடிந்ததும் வீரமுத்து பெருமூச்சு விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரோ கட்டிய பாட்டைப் பற்றிச் சொல்வது போல. பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க எடத்துலதான் ராகம் கொஞ்சம் எறங்கிருச்சு, வாத்தியாரே" என்றார்.

அதற்குள் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் ஊரே தட்டியது. அழகம்மையின் பேத்தி கூடத் தட்டியது. என் கை தானாக எழுந்தது. நான் அதைப் பிடித்துக் கீழே இறக்கி, கக்கத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். பாட்டு முடிந்த பிறகு விழும் தட்டு பாட்டை அடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும், அண்ணனுக்கு மிச்சமிருக்கும் ஒரே பாட்டை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அம்பலம் தட்டிக்கொண்டே கவனித்துவிட்டார்.

"என்ன வாத்தியாரே, இன்னுமா கோவம்?"

"ஆமா" என்றேன்.